மெழுகு உறைய ஒரு ஜன்னல்

ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் எழுதித் தொந்தரவு கொடுப்பதற்கு மன்னித்துக்கொள். நீ போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் எனக்குப் பேச வராது. நான் வாயைத் திறப்பதற்குள் நீ நாலு கேள்வி கேட்டு, நாலுக்கும் நீயே பதிலும் சொல்லி முடித்துவிடுவாய். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

அன்றைக்குப் போனில் "வந்து உன் மெழுகுவர்த்தியக் கழட்டிட்டுப் போ"ன்னு நீ சொன்னதற்கு, "உனக்கு அது புரியாதுக்கா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அதற்குள் நீ போனை வைத்துவிட்டாய். யோசித்துப் பார்த்தால், உனக்குப் புரியும்படி நான் ஒரு நாளும் சொன்னதே இல்லை. லீவுக்கு வந்தேன், கீழ்வீட்டில் ஏணி வாங்கினேன், அப்பா அறையின் கூரை முழுக்கப் பலகைகளை மாட்டினேன், தூசியைக்கூட உன்னைத்தான் பெருக்கவிட்டேன். இப்போதாவது சொல்கிறேன்.

அவை கான்கிரீட் பலகைகள்தான். ஆனால் உள்ளே மணலோடு மணலாக, கண்ணுக்குத் தெரியாத மெழுகு உருண்டைகள் கலந்திருக்கின்றன. பகல் முழுக்க மொட்டைமாடி காய்கிறது. அந்தச் சூடு மெதுவாக இறங்கி, சாயங்காலம் அப்பாவின் தலைக்கு நேர் மேலே வந்து நிற்கிறது. ஐஸ் போட்ட தண்ணீரை நினைத்துக்கொள். கடைசித் துண்டு ஐஸ் கரையும்வரை தண்ணீர் சில்லென்றே இருக்கிறதல்லவா? அதே கதைதான். மெழுகு உருகி முடியும்வரை பலகை அவ்வளவாகச் சூடேறாது. வருகிற சூட்டையெல்லாம் உருகுவதற்கே எடுத்துக்கொள்ளும். இரவில் குளிர்காற்று பட்டால் எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி உறைந்துவிடும். மறுநாள் வெயிலுக்குத் தயார்.

இங்கே ஆராய்ச்சி செய்கிற மற்றவர்கள் எல்லாரும் கல்லூரி மைதானத்தில் கட்டிய சோதனை அறைகளில்தான் இதைப் பார்க்கிறார்கள். உள்ளே ஆள் கிடையாது, கட்டில் கிடையாது. ஆள் வாழ்கிற அறை என்று ஒன்று நம்முடையது மட்டும்தான். பக்கவாதம் வந்த அப்பாவின் அறை சூடாகவே கூடாது என்று டாக்டர் சொன்னபோது, நம் வீட்டு வயரிங் ஏசியைத் தாங்காது என்று எலெக்ட்ரீஷியன் கையை விரித்தபோது, எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. நான் படித்த படிப்பில் அப்பாவுக்கென்று கொண்டுவர முடிந்தது இது ஒன்றுதான்.

கழற்றிவிடாதே அக்கா. கட்டில் பக்கத்துச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கிறதே, அது அறையின் சூட்டையும் பலகையின் சூட்டையும் பதிவு செய்துகொண்டே இருக்கும். அதற்குள் நகக்கண் அளவு மெமரி கார்டு ஒன்று இருக்கிறது. அதை எடுத்து அனுப்பு. இந்த உறைக்குள் ஒட்டியிருக்கும் புதிய கார்டை அதன் இடத்தில் செருகிவிடு. பயப்படாதே, ஷாக் அடிக்காது.

உன் தங்கை


ஏப்ரல் 10

அன்புள்ள ஊமைக்கோட்டானுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீ பிறந்ததிலிருந்து என்னிடம் பேசியதையெல்லாம் கூட்டினாலும் இவ்வளவு வராது. அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். ஐஸ் தண்ணீர் வரும் இடத்தில் தலையை ஆட்டினார். அதற்குமேல் தூங்கிவிட்டார். உன் பேராசிரியையிடம் போய்ச் சொல், நல்ல தூக்கம் வருகிற ஆராய்ச்சி என்று.

ஐஸ் தண்ணீர் என்று சொன்னால் எனக்கும் புரிகிறது. பத்தாவதோடு நின்றவள்தான், மண்டையில் களிமண் இல்லை. "உனக்குப் புரியாது"ன்னு சொன்னாயே, அதைவிட அந்தக் குரல்தான் சுட்டது. பேங்கில் ஃபாரத்தைத் திருப்பித் தள்ளுகிறவர்களின் குரல் அது. நம் வீட்டில் அதுவரை யாருக்கும் அந்தக் குரல் இருந்ததில்லை. சரி, விடு. காகிதத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டாய், பத்திரமாக வைத்திருக்கிறேன். பின்னால் தேவைப்படும்.

ஆனால் புகார் புகார்தான். நீ இங்கே இருந்தவரை உன் பலகை நல்ல பிள்ளையாக இருந்தது. சாயங்காலம் அறைக்குள் நுழைந்தால் நிழலுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். நீ பஸ் ஏறியதும் அதற்கும் என்ன வந்ததோ, இப்போது ராத்திரியில் ரொட்டி அடுப்பு மாதிரி இருக்கிறது. அப்பாவின் முதுகுக்கு ஈரத்துணி மாற்றி மாளவில்லை. பலகை இல்லாதபோதுகூட இவ்வளவு இல்லை. இதை உன் மேடத்திடம் சொல்.

கார்டு இதோ. எடுக்க ஊசி தேவைப்பட்டது. தலையணை உறை தைக்கிற ஊசிதான். ஆஸ்பத்திரிக்காரன் இந்த மாதம் இரண்டு மடங்கு உறை கேட்டிருக்கிறான்.

அப்பாவுக்கு உடம்பு அப்படியேதான். இடது கை இன்னும் எழவில்லை. நான் டீ கொண்டுபோனால், "டிக்கெட் எடுத்தாச்சாம்மா?" என்கிறார். "பாஸ் இருக்குங்க" என்கிறேன். அன்றைக்குச் சில்லறை இல்லையென்று என்னை இறங்கச் சொல்லிவிட்டார். கண்டக்டர் வேலை ஆளைவிட்டுப் போகவே போகாது போலிருக்கிறது.

சாப்பிடு. 

அக்கா


ஏப்ரல் 17

அன்புள்ள அக்காவுக்கு,

கார்டைக் கணினியில் போட்டுப் பார்த்தேன். நீ சொன்னது முழுக்கச் சரி. ராத்திரியில் அறை பலகை இல்லாத காலத்தைவிடச் சூடாகத்தான் இருக்கிறது. நீ தொட்டுப் பார்த்துச் சொன்னதை நான் படம் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான்.

ஆனால் காரணமும் அதிலேயே தெரிகிறது. நான் அங்கே இருந்த நாட்களில் பலகையின் சூட்டுக்கோடு பகலில் மட்டமாக நின்று, இரவில் இறங்கி, விடிவதற்குள் மெழுகு உறைந்திருக்கிறது. நான் கிளம்பிய பிறகும் இரண்டு மூன்று இரவு அப்படித்தான். அதன்பின் இறங்கவே இல்லை. மெழுகு உறையவே இல்லை. உருகிய மெழுகால் மறுநாள் சூட்டை வாங்க முடியாது. வாங்கியதைக் கொடுக்க வெளிக்காற்றும் இல்லாமல், அறைக்குள்ளேயே விட்டுக்கொண்டிருக்கிறது.

அக்கா, இரவில் ஜன்னலை மூடிவிடுகிறாயா?

குற்றம் சொல்லவில்லை. திறந்து வைக்க வேண்டும் என்று நான் ஏணிமேல் நின்றபடி ஒரு தடவை சொன்னேன். நீ அடுப்படியில் இருந்தாய். கேட்டதா என்றுகூடப் பார்க்கவில்லை. கொசுவாக இருக்குமோ என்று நினைத்து, ஜன்னலில் ஒட்டும் வலை ஒன்று வாங்கித் தனியாகப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஓரம் நீதான் தைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு விஷயம். மேடம் நல்லவர்தான், ஆனால் அவசரக்காரர். அறிக்கையில் நம் அறையைச் சேர்க்க வேண்டாம் என்கிறார். "குடியிருப்போர் ஒத்துழைக்கவில்லைன்னு ஒரு வரி போட்டு விட்டுடு" என்றார். "சரிங்க மேடம்" என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அந்த வரியைத் தட்டச்சு செய்யப் பார்க்கிறேன், கை வரவில்லை. குடியிருப்போர் என்றால் நீயும் அப்பாவும்தானே. ஒத்துழைக்காத நீ தலையணை உறை தைத்துத்தான் நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

அடுத்த கார்டையும் அனுப்பு. வலை மாட்டிய பிறகு அனுப்பினால் போதும்.

உன் தங்கை


ஏப்ரல் 25

ஊமைக்கோட்டானுக்கு,

வலை வந்தது. தைத்து மாட்டியாயிற்று. ஆமாம், கொசுதான். பூனையும் வருகிறது. எதிர்வீட்டில் சுவர் இடிக்கிறார்கள், தூசி வேறு.

கார்டை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். வேலை தலைக்குமேல் கிடக்கிறது. அந்த ஒரு வரியைப் போட்டுவிட்டு உன் படிப்பை முடிக்கிற வழியைப் பார். எங்களுக்கு ஒன்றும் வருத்தமில்லை. நாங்கள் ஒத்துழைக்காதவர்களாகவே இருந்துவிட்டுப் போகிறோம். உன் பட்டத்துக்குப் பக்கத்தில் எங்கள் பெயரா எழுதப்போகிறார்கள்?

இந்த லீவுக்கு வரவேண்டாம். வெயில் அதிகம். அங்கேயே இரு.

அக்கா


மே 2

அக்கா,

பூனை வலையைத் தாண்டி வருமா? பகலில்தானே சுவர் இடிப்பார்கள்?

வலை மாட்டிய பிறகும் ஜன்னல் மூடியேதான் இருந்திருக்கிறது. பலகை சொல்கிறது. அதை விடு. இந்தத் தடவை வேறொன்றைப் பார்த்தேன். அறையின் சூட்டுக்கோடு ராத்திரியில் ஒரே சீராக இல்லை. அடிக்கடி கொஞ்சம் இறங்கி, மறுபடி ஏறுகிறது. முதலில் கருவிக்குத்தான் கோளாறு என்று நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது. வெளியே கூடம் அறையைவிடக் குளிர்ச்சி. கதவைத் திறக்கும்போதெல்லாம் கோடு இறங்குகிறது. யாரோ ராத்திரி முழுக்க அந்த அறைக்குள் போவதும் வருவதுமாக இருக்கிறார்கள். வீட்டில் நடக்க முடிந்தவள் நீ ஒருத்திதான்.

அக்கா, நீ தூங்குகிறாயா?

லீவுக்கு வராதே என்று நீ இதுவரை எழுதியதில்லை. எத்தனையோ தடவை நான்தான் வராமல் இருந்திருக்கிறேன், நீ திட்டியிருக்கிறாய். அறிக்கைக்காகக் கேட்கவில்லை. பலகைகளைக் கழற்றிக் குப்பையில் போட்டாலும் பரவாயில்லை. அப்பாவுக்கு ராத்திரியில் என்ன ஆகிறது? 

இதை எழுதிவிட்டு உறையில் போடாமல் இரண்டு நாள் மேசைமேல் வைத்திருந்தேன். நான் கேட்கக்கூடாததைக் கேட்கிறேனோ என்று பயமாக இருந்தது. போட்டுவிட்டேன்.

உன் தங்கை


மே 9

அன்புள்ள சின்னவளுக்கு,

சுவரில் பெட்டியை மாட்டி வேவு பார்க்கிறாய். உன்னை ஊமை என்று நினைத்தது என் தப்பு.

சொல்லிவிடுகிறேன். ஆனால் படித்த உடனே பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரக் கூடாது. அந்தப் பயத்தில்தான் இத்தனை நாள் சொல்லவில்லை.

நீ கிளம்பிய பிறகு அப்பா ராத்திரியில் கூப்பிட ஆரம்பித்தார். பகலில் ஒன்றுமில்லை. விளக்கணைத்து எல்லாம் அடங்கியதும் ஆரம்பிக்கும். என்னை இல்லை, உன்னை. "சின்னவளே... சின்னவளே... போதும் படிச்சது, கண்ணு கெட்டுடும். உள்ள வா." உனக்கு நினைவிருக்கும், பரீட்சை வந்தால் மாடிப்படி விளக்கின் கீழே புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவாயே, அங்கேயே நீ இன்னும் உட்கார்ந்திருப்பதாக நினைப்பு. கை எழாவிட்டால் என்ன, குரல் எழுகிறது. ஆயுள் முழுக்கப் பஸ்ஸில் நிறுத்தம் நிறுத்தமாகக் கூவின தொண்டை அது. தெருமுனைவரை கேட்கும்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, எதிர்வீட்டம்மா தண்ணீர் பிடிக்கிற இடத்தில் என்னை நிறுத்தினாள். "ஏம்மா, ராத்திரியில உங்கப்பா சின்னவள உள்ள வா, உள்ள வான்னு அழுவுறாரே. அந்தப் பொண்ணு வீட்டவிட்டு எங்கயாவது போயிடுச்சா?" என்றாள். "படிக்கப் போயிருக்கா" என்றேன். "அதான் போன வருஷமே படிச்சு முடிச்சுட்டாளே" என்றாள். குழாயடியில் இருந்த எல்லாரும் குடத்தை வைத்துவிட்டு என்னையே பார்த்தார்கள். பட்டத்துக்கு மேலேயும் படிக்க ஒரு படிப்பு இருக்கிறதென்று நம் தெருவில் யாரிடம் சொல்லிப் புரியவைக்க? கான்கிரீட்டில் மெழுகு என்றால் இன்னும் மோசம்.

அன்றைக்கு ராத்திரி ஜன்னலை மூடினேன்.

அது தப்பென்று தெரியும். நீ ஏணிமேலிருந்து சொன்னது என் காதில் விழுந்தது. ராத்திரி திறந்து வைக்கணும் என்றாய், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் ஒரு தெரு உன்னை வாயில் போட்டு மெல்வதைவிட, அறை கொஞ்சம் வெந்தால் வேகட்டும் என்று நினைத்தேன். அப்பாவின் முதுகில் வேர்க்குரு வந்ததும் அழுதேன். அதற்கப்புறமும் மூடினேன்.

அவர் கூப்பிடும்போதெல்லாம் நான்தான் போய் நிற்கிறேன். "நான் பெரியவப்பா, அவ காலேஜ்ல இருக்கா" என்றால் நம்புவதில்லை. "அவள வரச் சொல்லு, பனி விழுது" என்று இன்னும் சத்தமாகக் கூப்பிடுவார். ஒருநாள் அலுத்துப்போய்க் கட்டில் பக்கத்தில் இருட்டில் உட்கார்ந்து, "ம்" என்றேன். அவ்வளவுதான். "வந்துட்டியா" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். உன்னைப் போல நடிப்பது எவ்வளவு சுலபம் தெரியுமா? நீ வாயே திறக்காத பிறவி. வேறு யாராக நடித்திருந்தாலும் மாட்டிக்கொண்டிருப்பேன். ஒரு "ம்" போதும், அப்பா நம்பிவிடுகிறார். கொஞ்சநேரம் கழித்து மறந்துபோய் மறுபடி கூப்பிடுவார். மறுபடி போவேன். மறுபடி "ம்".

எனக்கு ஒன்றுமில்லை. மதியம் மெஷின்மேலேயே தலை சாய்ந்துவிடுகிறது. போன வாரம் ஒரு தலையணை உறையை நாலு பக்கமும் சேர்த்துத் தைத்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்காரன், "தலையணைய எந்த வழியாம்மா உள்ள விடறது?"ன்னு கேட்டான்.

நீ வந்தால் அப்பாவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகமாட்டாய். உன்னை எனக்குத் தெரியும். அதனால்தான் வராதே என்றேன். இப்போதும் சொல்கிறேன். அந்த வரியைப் போட்டுவிடு.

அக்கா


மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

அந்த வரியைப் போடவில்லை.

உன் கடிதம் வந்த அன்று எங்களுக்கு வாராந்திரக் கூட்டம். வழக்கம்போலக் கடைசி நாற்காலியில் இருந்தேன். நம் அறையின் படம் திரையில் வந்தது. மேடம், "இது விட்டுடலாம், வீட்டுக்காரங்க ஜன்னல் தொறக்கல" என்று அடுத்த படத்துக்குப் போனார். "மேடம்" என்றேன். யார் பேசியது என்று எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கே சந்தேகமாகத்தான் இருந்தது.

"ஒத்துழைக்கலன்னு எழுத என்னால முடியாது மேடம்" என்றேன். எழுந்து நின்றேன். "அந்தப் பலகை கெடல. நம்ம கணக்குலதான் ஒண்ணு விட்டுப்போச்சு. ஜன்னல் தானா தொறந்துக்கும்னு கணக்குப் போட்டிருக்கோம். ராத்திரியில ஜன்னல மூடறதுக்கு ஒவ்வொரு வீட்லயும் ஒரு காரணம் இருக்கும். திருட்டு பயம் இருக்கும், பிள்ளை இருமும், யாராவது அழுவாங்க. அதக் கேக்காம நாம செய்யற பலகை ஆளில்லாத அறைக்குத்தான் உதவும்." உன்னைப் பற்றியோ அப்பாவைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் அழுதிருப்பேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த வாய இவ்வளவு நாள் எங்க வெச்சிருந்தே?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் மெதுவாக, "இப்ப சொன்னத அப்படியே எழுது. அந்த அறையத்தான் முதல்ல போடணும்" என்றார். ஜன்னலைத் திறந்து வைத்தும் ஒரு மாதம் பார்க்க வேண்டும், கோடை முடியும்வரை வீட்டிலிருந்தே வேலை செய் என்று நான் கேட்காமலே எழுதிக் கொடுத்துவிட்டார். ஆகவே நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வரவில்லை அக்கா. முறைப்படி வருகிறேன். கோடை முடிந்ததும் முறைப்படி திரும்பிப் போவேன். பயப்படாதே. வெள்ளிக்கிழமை சாயங்காலப் பஸ்.

வந்ததும் என் பாயை அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் போடுகிறேன். "ம்" சொல்வது இனி என் பாடு. நீ கூடத்தில் படுத்துக்கொள், கதவைச் சாத்திக்கொள், தலைக்கு நீ தைத்த உறையிலேயே ஒன்று வைத்துக்கொள், நாலு பக்கமும் தைத்ததை அல்ல.

எதிர்வீட்டம்மாமேல் எனக்குக் கோபமில்லை. கோபப்பட்டுப் பார்த்தேன், வரவில்லை. ராத்திரியில் ஒரு மனிதர் கூப்பிடுவது கேட்டால் யாராக இருந்தாலும் விசாரிக்கத்தான் செய்வார்கள். எனக்கு வேறொன்றுதான் தாங்கவில்லை. "நான் பெரியவப்பா" என்று சொல்லி, அவர் நம்பாமல், இருட்டில் உட்கார்ந்து நீ நானாக மாறினாயே, அது. அந்தப் பக்கத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். அப்பா என்னைத்தான் கூப்பிடுகிறார், சரி. ஆனால் அத்தனை இரவும் எழுந்து வந்தது யார் என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

அதனால் ஒன்று கேட்கப்போகிறேன். முதல் கடிதத்திலேயே பாதியைக் கேட்டிருக்க வேண்டும், மீதிப் பாதி எனக்கு அப்போது தெரியாது. நான் வரும்வரை காத்திருக்காதே. இந்தக் கடிதம் வருகிற அன்று ராத்திரியே ஜன்னலைத் திறந்து வை. முழுக்கத் திற. அப்பா கூப்பிடுவார், கூப்பிடட்டும். நீ போய் "ம்" சொல்லாதே. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, உன் குரலிலேயே, எதிர்வீட்டுக்கும் கேட்கும்படி சொல், "பெரியவ இங்கதான்பா இருக்கேன். சின்னவ வெள்ளிக்கிழமை வர்றா" என்று.

உன் தங்கை